விசிறியைக் கழற்றாதீர்கள், வேகத்தைக் குறையுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழின் வாசகர் கடிதப் பகுதியில் மஸ்கெலியாப் பக்கத்துப் பெற்றோர் ஒருவர், தோட்டப் பாடசாலைகளுக்கு அன்பளிப்பாக வரும் பழைய கம்பியூட்டர்களின் இரைச்சலைப் பற்றி எழுதியிருந்தார். டீச்சர் தொண்டை கிழியக் கத்தினாலும் பின்வரிசைப் பிள்ளைகளுக்குக் கேட்பதில்லை என்று அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் கடிதத்தின் முடிவில் ஒரு யோசனையும் வைத்திருந்தார். நமது ஊர் குளிர்ப் பிரதேசம், உள்ளே ஓடும் விசிறியைக் கழற்றிவிட்டால் சத்தமும் இராது, கரண்டும் மிச்சம் என்பதே அது. அந்த யோசனை அவருடையது மட்டுமென்றால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். டவுனில் ரிப்பேர் செய்கிற சிலரே காசு வாங்கிக்கொண்டு இதைச் செய்து கொடுக்கிறார்கள்.

நான் கம்பியூட்டர் படித்துப் பட்டம் பெற்றவன் அல்ல. தலவாக்கலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது எங்கள் கோயில் மண்டபத்தில் மாலை வேளைகளில் நடக்கும் கம்பியூட்டர் வகுப்பின் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் கொழும்பு அலுவலகங்களில் ஓடிக் களைத்து வந்தவை. என் பேத்தியும் அங்கேதான் படிக்கிறாள். "தாத்தா, சேர் சொல்றது ஒண்ணும் கேக்கல, மெஷின் கூவுற சத்தந்தான் கேக்குது" என்று அவள் சொல்லித்தான் நான் அந்தப் பெட்டிகளின் மூடியைத் திறக்கத் தொடங்கினேன். உள்ளே பார்த்தால், நான் காலமெல்லாம் கட்டி அழுத அதே சரக்கு. ஒரு மோட்டார், சில இதழ்கள், வெளியேற்ற வேண்டிய சூடு.

ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்கு வாட்டும் தொட்டியைத் தெரியும். பச்சைக் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து பெரிய விசிறியால் காற்றடிப்போம். கொழுந்து பரப்பிய புதிதில் காற்று நிறைய வேண்டும். ஈரம் இறங்க இறங்கக் குறைவாகப் போதும். ஆனால் அந்தக் காலத்தில் விசிறிக்கு ஒரே வேகம்தான். தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரவு முழுக்க ஒரே இரைச்சல், ஒரே கரண்ட் பில். இப்போது பல ஸ்டோர்களில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி வந்துவிட்டது. வேகத்தைப் பத்துக்கு எட்டாக இறக்கினால் விசிறி இழுக்கும் கரண்ட் ஏறக்குறைய பாதியாகிவிடும். காற்று குறைவது ஐந்தில் ஒரு பங்குதான். இந்தக் கணக்கை நம்ப மறுத்த டீமேக்கர் ஐயாமார் எத்தனையோ பேர், மீட்டரைக் காட்டிய பிறகுதான் வாயை மூடினார்கள்.

இதே கணக்கு கம்பியூட்டருக்குள் இருக்கும் உள்ளங்கையளவு விசிறிக்கும் பொருந்தும். சத்தத்தில் கிடைக்கும் இலாபம் இன்னும் பெரியது. ஒரு விசிறியின் சுழற்சியைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும், ஆனால் சத்தம், அதை அளக்கும் டெசிபல் கணக்கில், சுமார் 15 டெசிபல் இறங்கிவிடும். 10 டெசிபல் இறங்கினாலே நம் காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் தோன்றும். மறுபக்கமும் சொல்ல வேண்டும். ஒரே மாதிரிச் சத்தம் போடும் பத்து மெஷின்களை ஒரே அறையில் வைத்தால், தனி ஒன்றின் சத்தத்தைவிட 10 டெசிபல் கூடும். கடையில் ஒன்றைப் போட்டுப் பார்த்தபோது "பரவாயில்லையே" என்றிருந்தது வகுப்பறையில் ஏன் காதைப் பிளக்கிறது என்பதற்கு இதுதான் காரணம். அதற்கு மேல் தகரக் கூரை, சீமெந்துத் தரை, வெறும் சுவர். ஜன்னலுக்கு நாலு பழைய திரைச்சீலை போட்டாலே கொஞ்சம் அடங்கும்.

இனிக் குளிருக்கு வருவோம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில். கொழும்பைவிடப் பத்துப் பன்னிரண்டு பாகை குறைவு. அது நமக்கு உண்மையான இலாபம்தான். ஆனால் கம்பியூட்டரின் மூளையான புரோசசர் என்ற அந்தச் சின்னத் துண்டு முழு வேலை செய்யும்போது 65 வாட், சில வகைகளில் 95 வாட் வரை சூட்டைத் தள்ளுகிறது. நான் ஈயம் பற்றவைக்கும் அயர்னே 60 வாட்தான். பற்றவைக்கும் அயர்னை நானுஓயாப் பனியில் வைத்தாலும் விரலை வைக்க முடியுமா? புரோசசரின் மேல் இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு இடையே காற்று நகராமல் நின்றுவிட்டால், சூடான காற்றே அங்கே போர்வையாகத் தங்கிவிடும். வெளியே எவ்வளவு பனி கொட்டினாலும் உள்ளே எட்டாது.

இன்னொரு விடயம், மேட்டு நிலத்துக்கே உரியது. நுவரெலியா உயரத்தில் காற்று கொழும்புக் காற்றைவிட ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. அதே விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் இங்கே அது தூக்கிச் செல்லும் சூடு அந்த அளவுக்குக் குறையும். குளிர் கொடுப்பதில் ஒரு பங்கை உயரம் திருப்பி எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சுகிற இலாபத்தை விசிறியைக் கழற்றுவதில் வீணடிக்காமல், வேகத்தைக் குறைப்பதில் எடுக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. கொழும்பில் வேகமாகச் சுற்ற வேண்டிய விசிறியை இங்கே மெதுவாகச் சுற்றவிடலாம்.

கழற்றினால் என்ன ஆகும்? மெஷின் உடனே எரிந்துவிடாது. எரிந்தாலாவது தவறு விளங்கிவிடும். பெரும்பாலான புரோசசர்கள் 100 பாகையை நெருங்கும்போது தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே வேலையை மெதுவாக்கும். அப்படியும் சூடு இறங்காவிட்டால் மெஷின் பட்டென்று அணையும். பிள்ளை செய்துகொண்டிருந்த வேலை போகும். பிறகு அதே கடைக்குக் கொண்டு போனால், "பழைய மெஷின், ஸ்லோவாத்தான் இருக்கும், புதுசு ஒண்ணு எடுங்க" என்பார்கள். அதோடு, புரோசசர் விசிறியின் காற்று கீழே அடித்து, பக்கத்தில் நிற்கும், கரண்டைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர்களையும் குளிர வைக்கிறது. அவற்றைச் சுற்றிச் சூடு 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. உச்சி புடைத்த கெப்பாசிட்டரோடு எங்கள் மண்டபத்துக்கு வந்த ஒரு மெஷினில் விசிறியின் வயர் கழற்றி ஓரமாகக் கட்டப்பட்டிருந்தது. "கரண்ட் மிச்சம்" என்பதும் வெறும் பேச்சு. 12 வோல்ட்டில் 0.2 அம்பியர் இழுக்கும் விசிறி தின்பது 2.4 வாட்.

சரி, சத்தத்தை எப்படி அடக்குவது? முதலில் காதால் கேளுங்கள். எல்லாச் சத்தமும் ஒன்றல்ல. காற்று சீறுகிற சத்தம் என்றால் அது வேகம். கரகரவென்று அரைத்தால் விசிறியின் பெயாரிங் தேய்ந்திருக்கிறது. டிக் டிக்கென்று சீராகத் தட்டினால் ஏதோ ஒரு வயர் இதழில் படுகிறது, ஒரு கட்டுப் போட்டால் முடிந்தது. பெட்டியின் மேல் கையை அழுத்தி வைத்தவுடன் சத்தம் குறைகிறதா? தகடு அதிர்கிறது, ஸ்குருவை இறுக்குங்கள், காலடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டு வையுங்கள். பெயாரிங் தேய்ந்ததற்கு, நடுவிலுள்ள ஸ்டிக்கரை உரித்து ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டால் கொஞ்ச காலம் ஓடும். தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீர்கள். காலையில் போத்தலோடு உறைந்து நிற்கிற ஊரில் அது பெயாரிங்குக்குள்ளும் உறையும்.

அடுத்தது தூசி. நம் பகுதித் தூசி கொழும்புத் தூசி போன்றதல்ல. லயத்து வீடுகளில் விறகடுப்புப் புகை பிசுக்காகப் படியும். ஸ்டோருக்குப் பக்கத்தில் என்றால் தேயிலைப் பஞ்சுத் தூசி அந்தப் பிசுக்கில் ஒட்டிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து அலுமினியத் தகடுகளின் இடைவெளியைக் கம்பளி போட்டதுபோல் அடைத்துவிடும். காற்று போக வழியில்லாததால் சூடு ஏறும், சூடு ஏறுவதால் விசிறி முழு வேகத்துக்குப் போகும். எங்கள் மண்டபத்து மெஷின்கள் பலவற்றின் இரைச்சல், ஒரு பெயின்ட் பிரஷ்ஷால் சுத்தம் செய்ததிலேயே அடங்கியது. மெயின் வயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். காற்றடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது தறிகெட்டுச் சுற்றிப் பெயாரிங் கெடும், டைனமோ மாதிரி, எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கும் மதர்போர்ட் என்ற பலகைக்குள் கரண்டையும் திருப்பி அனுப்பும். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். 230 வோல்ட் அதற்குள் 325 வோல்ட் வரை ஏறி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். நானே அதைப் பிள்ளைகள் முன்னால் திறப்பதில்லை. பக்க மூடியைக் கழற்றி வைத்து "காத்து வரட்டும்" என்று விடுவதும் வேண்டாம். பல்லிக்குத்தான் அது வசதி.

விசிறிக்கும் புரோசசருக்கும் நடுவே உள்ள அலுமினியத்தின் அடியில் பூசிய பசை காய்ந்து பொருக்காகியிருந்தால், ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பச்சைப்பயறு அளவு வைத்தால் போதும். அதிகம் பூசினால் நல்லது என்று நினைத்து சாந்து பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்டெல் விசிறியின் நான்கு கால்களையும் எதிரெதிர் மூலையாக அழுத்தி, ஒவ்வொன்றும் டக்கென்று இறங்கியதா என்று பாருங்கள். ஒரு கால் சரியாக இறங்காவிட்டால் நீங்கள் செய்த மற்ற எல்லா வேலையும் வீண்.

இவ்வளவும் செய்த பிறகும் இரைந்தால்தான் வேகக் கட்டுப்பாடு. விசிறியிலிருந்து எத்தனை வயர் வருகிறது என்று எண்ணுங்கள். இன்டெல் விசிறியில் கறுப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நான்கு இருக்கும். கறுப்பும் மஞ்சளும் கரண்ட். பச்சை, விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று மதர்போர்ட்டுக்குச் சொல்லும். நீலம், எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்று மதர்போர்ட் விசிறிக்குச் சொல்லும் கட்டளை. விசிறிக்கு எப்போதும் 12 வோல்ட்தான் போகும், நீல வயரில் ஒரு செக்கனுக்கு சுமார் 25,000 தடவை அணைந்து எரியும் துடிப்பில் வேகம் கட்டுப்படும். மூன்று வயர் விசிறியில் அந்த நீலம் இல்லை. அதன் வேகத்தைக் குறைக்க வோல்ட்டைத்தான் குறைக்க வேண்டும். பழைய மதர்போர்ட்டுகள் பலவற்றுக்கு அது தெரியாது. யாரோ மலிவாகக் கிடைத்தது என்று நான்கு வயர் விசிறிக்குப் பதிலாக மூன்று வயர் விசிறியை மாட்டிவிட்டிருந்தால், அது நாள் முழுக்க முழு வேகத்தில் கத்துவது அதனால்தான்.

நான்கு வயர் இருந்தும் கத்துகிறதென்றால், கட்டுப்பாடு உள்ளேயே அணைத்து வைக்கப்பட்டிருக்கும். மெஷினைப் போட்டவுடன் டிலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிப் பயோஸுக்குள், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்பே மதர்போர்ட்டில் இருக்கும் அமைப்புப் பக்கத்துக்குள், போங்கள். ஹார்ட்வெயார் மொனிட்டர் அல்லது பிசி ஹெல்த் என்ற பக்கத்தில் சூடும் விசிறியின் சுழற்சியும் இலக்கத்தில் தெரியும். ஏசஸ் மதர்போர்ட்டில் கியூ-ஃபேன், கிகாபைட், எம்எஸ்ஐ ஆகியவற்றில் ஸ்மார்ட் ஃபேன் என்ற பெயரில் கட்டுப்பாடு இருக்கும். அதை இயக்கி, சைலன்ட் என்பதைத் தெரிவு செய்யலாம். ஏசஸ் மெஷினில் வேகம் இறங்கியதும் சிபியூ ஃபேன் எரர் என்று திரையில் வந்து நின்றால் பயப்பட வேண்டாம். நிமிடத்துக்கு 600 சுற்றுக்குக் கீழே போனால் விசிறி செத்துவிட்டது என்று நினைக்கும்படி அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த எல்லையை 300க்கோ 200க்கோ இறக்கினால் போதும். சோதனையையே அணைத்துவிடாதீர்கள். உண்மையாகவே விசிறி நின்ற நாளில் எச்சரிக்க அது ஒன்றுதான் இருக்கிறது. ஆகக் குறைந்த வேகத்தில் வைத்த பிறகு மெஷினை முழுதாக அணைத்து, ஆறவிட்டு, மறுபடி போட்டு இதழ் சுற்றத் தொடங்குகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் விசிறிக்குப் போதுமான வேகம், நிற்கும் விசிறியைக் கிளப்பப் போதாமல் இருக்கலாம்.

விசிறி ஒரே வேகத்தில் இரையாமல், ஏறுவதும் இறங்குவதுமாக ஊளையிட்டால் அது இன்னும் தொல்லை. காது ஒரு சீரான சத்தத்துக்குப் பழகிவிடும், ஏறி இறங்கும் சத்தத்துக்குப் பழகாது. கையால் அமைக்க இடமிருந்தால், இன்ன சூட்டுக்கு இன்ன வேகம் என்ற சரிவைச் செங்குத்தாக வைக்காமல் சாய்வாக வையுங்கள். சூடு கூடியவுடன் பாயாமல் சில செக்கன் பொறுத்து ஏறும்படி வைக்கவும் சில மெஷின்களில் வழியுண்டு. விண்டோஸில் ஸ்பீட்ஃபேன், ஃபேன் கொன்ட்ரோல் என்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, லினக்ஸில் எல்எம்-சென்சர்ஸ் இருக்கிறது. வீட்டு மெஷினுக்கு அவை நல்லவை. பாடசாலை மெஷினை வருஷத்துக்கு ஒருமுறை யாராவது துடைத்துப் புதிதாக விண்டோஸ் போட்டுவிடுவார்கள், மென்பொருளும் போய்விடும். ஆகவே பாடசாலைக்குப் பயோஸ்தான்.

அதிலும் ஒரு வில்லங்கம். எங்கள் மண்டபத்தில் வெள்ளிக்கிழமை சரிசெய்த மெஷின்கள் திங்கட்கிழமை மறுபடி கத்தின. மதர்போர்ட்டில் காசு அளவில் ஒரு பட்டரி இருக்கும், சீஆர்2032, 3 வோல்ட். அது செத்திருந்தால், சுவர் சுவிட்சை அணைத்தவுடன் பயோஸ் எல்லாவற்றையும் மறந்துவிடும். திரையில் திகதி பல வருஷம் பின்னால் காட்டினால் பட்டரி செத்துவிட்டது என்று பொருள். பெட்டிக்கடைகளிலேயே கிடைக்கிறது.

டெல், எச்பி அலுவலக மெஷின்கள் வேறு ஜாதி. பல டெல் மெஷின்களில் விசிறிப் பிளக்கே ஐந்து முனையுள்ளது, சாதாரண விசிறியை மாட்ட முடியாது. பிளக்கை மாற்றி எப்படியோ மாட்டினாலும் ஒவ்வொரு முறையும் எஃப்1 தட்டச் சொல்லும். அவற்றில் சுத்தம் செய்வதும் பசை மாற்றுவதும்தான் பெரும்பாலும் வழி. எச்பி அலுவலக மெஷின்கள் சிலவற்றின் பயோஸில் ஃபேன் ஐடில் மோட் என்ற கோடு இருக்கும். அது விசிறியின் குறைந்தபட்ச வேகம். யாராவது அதை மேலே தள்ளி வைத்திருந்தால் கீழே கொண்டு வாருங்கள்.

பவர் சப்ளையின் 12 வோல்ட் மஞ்சள் வயருக்கும் 5 வோல்ட் சிவப்பு வயருக்கும் நடுவே கொடுத்து விசிறியை 7 வோல்ட்டில் ஓட்டும் தந்திரம் ஒன்று ரிப்பேர்காரர்களுக்குத் தெரியும். பெட்டியின் பின்பக்க விசிறிக்கு நானும் செய்திருக்கிறேன். புரோசசர் விசிறிக்குச் செய்ய மாட்டேன், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவும் மாட்டேன்.

அன்பளிப்புச் செய்யும் அலுவலகங்களிடம் ஒரு வேண்டுகோள். மெஷினைப் பெட்டியில் போடும் முன் உங்களிடம் இருக்கும் ஐ.டி. தம்பிமாரைக் கொண்டு தூசியைத் தட்டி, பட்டரியை மாற்றி, பயோஸில் விசிறியைச் சரிசெய்து அனுப்புங்கள். அவர்களுக்கு மெஷினுக்கு அரை மணித்தியால வேலை. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் ஒரு மெஷினைக் கடைக்குத் தூக்கிப்போகிற டீச்சருக்கு அது ஒரு நாள் லீவு.

மஸ்கெலியா வாசகர் தம்முடைய பாடசாலை மெஷின்களின் விசிறியில் எத்தனை வயர் என்று பார்த்து இந்தப் பகுதிக்கே எழுதினால், மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று பதில் எழுதுகிறேன். இன்டெல் 775 என்ற பழைய வகைப் புரோசசர் சொக்கட்டுக்குப் பொருந்தும் நான்கு வயர் விசிறி, பழையதானாலும், யாரிடமாவது சும்மா கிடந்தால் பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். எங்கள் வகுப்பில் சில மெஷின்கள் அதற்காகவே மூடி வைக்கப்பட்டிருக்கின்றன. தபால் செலவு எங்களுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டோர் எலக்ட்ரீசியன்,
தலவாக்கலை.